தபால் தலை வம்சம்

எங்கள் வீட்டு ராஜா ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005 ஜனவரியில் நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால் தலை வெளியிட்டார்களே, அதில் ஒன்று இவன் வம்சம். காட்டுப்பன்றியை விரட்டிய பரம்பரை. அந்தப் பெருமையை நம்பித்தான் டிசம்பர் கடைசியில் ஏற்காட்டு மலையிலுள்ள வெள்ளக்கடைக்கு டென்ட்டோடு கிளம்பினோம். "வேட்டை நாய்க்கு என்னங்க மாமா குளிரு?" என்றான் மச்சான். டென்ட்டைத் தேர்ந்தெடுத்தது அவன். காசு கொடுத்தது நான்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏழாவது பலகையில் ராஜா காலையில் தின்ற தயிர்சாதத்தைத் திருப்பிக் கொடுத்தான். பதிமூன்றில் மச்சான். அதற்குமேல் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது.

தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தடியில் டென்ட் அடித்தோம். பழம் பறிக்கும் பருவம். பக்கத்துச் சிமென்ட் களத்தில் காய்ந்த காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். "ரூம்பு சும்மாத்தான் கெடக்குது சார்" என்றார் காவல்காரப் பெரியவர். மச்சான் கேட்கவில்லை. 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னின் ஊர்க்காரர்களே இங்கே பங்களா கட்டித்தான் தூங்கினார்கள் என்று எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை.

ராஜா முதலில் போர்வைமேல் படுத்தான். பிறகு போர்வைக்குள். அப்புறம் போர்வையே அவனுடையது. குட்டை மயிர், ஒட்டிய வயிறு, தெற்கத்தி வெயிலுக்கென்றே ஆன உடம்பு. அவன் நடுங்கியதில் டென்ட் கம்பி ஆடியது. மேலிருந்து என் மூக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பனியென்று நினைத்தேன். எங்கள் மூன்று பேர் மூச்சும் துணியில் பட்டுக் குளிர்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அதில் தயிர்சாத வாடை வேறு.

பதினொரு மணிக்குத் தடவிப் பார்த்தால் நாயைக் காணோம். காட்டெருமை நடமாடும் மலையாயிற்றே என்று பதறி, டார்ச்சோடு ஓடினேன். களத்துத் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு வெள்ளை வால் நுனி.

"எழுப்பாதீங்க சார்," என்றார் பெரியவர். "பகலெல்லாம் வெயில் குடிச்ச களம். வெவரமாத்தான் படுத்திருக்குது."

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இட்லித் துணி மாதிரி இளஞ்சூடு. விடியும்போது அந்தத் தார்ப்பாய்க்கடியில் மூன்று பேர் இருந்தோம். மச்சான் எப்போது வந்தான் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காப்பியைக் குடித்தவர்கள் கவலைப்பட வேண்டாம், மேல்தோலை நீக்கித்தான் வறுப்பார்கள். டென்ட் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நாலு மணி நேரம் மட்டும் பயன்படுத்தியது, பாதி விலைக்குத் தருகிறேன். வேண்டியவர்கள் வெயில் காலத்தில் வந்து எடுத்துக்கொள்ளவும்.