கால் கிலோ சார்

காரைக்காலில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு கால் கிலோ சார் அகப்படுவார். பெரும்பாலும் அரசு ஊழியராக இருப்பார். இல்லாவிட்டால் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு அவர் கால் கிலோ சார்தான். துவரம்பருப்பு கால் கிலோ, காபித்தூள் கால் கிலோ, வெல்லம் கால் கிலோ. கையில் காசு இல்லாமல் இல்லை. முழுக் கிலோவை ஒரே நடையில் வாங்கிவிட்டால் மிச்சமுள்ள மூன்று சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் கவலை அது.

இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பீர்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் சில்லறை வியாபாரத்தின் வாடிக்கையாளர்கள். காரைக்கால் ஆசாமியை உண்டாக்கியது பூகோளம். இவருடைய தலைநகரம் புதுச்சேரி. அது இருப்பதோ சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. நடுவில் கிடப்பது முழுக்கத் தமிழ்நாடு: பொறையாறு, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று எல்லாவற்றையும் தாண்டினால்தான் சொந்த அரசாங்கத்தின் முகத்தைப் பார்க்கலாம். ஒரு பதவி உயர்வா, விடுபட்ட கையெழுத்தா, பென்ஷன் ஃபைலில் ஒரு சந்தேகமா, எல்லாவற்றுக்கும் அந்தச் சாலைதான். பணிக்காலத்தில் பாதியைப் பி.ஆர்.டி.சி. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கழித்தவர், சனிக்கிழமை வந்தால் அம்மையார் கோயில் குளத்துக்கு அப்பால் ஓர் அடி வைப்பாரா?

வைத்தாலும் எவ்வளவு தூரம் வைக்க முடியும்? மாவட்டம் மொத்தமும் சுமார் 160 சதுர கிலோமீட்டர். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. மேற்கே அம்பகரத்தூருக்கு அந்தப் பக்கமும் அதுவே. கிழக்கே கடல். கொஞ்சம் வேகமாக நடந்தால் ஊர் முடிந்து மாநிலமும் முடிந்துவிடும். அதனால்தான் மெதுவாக நடக்கிறார்.

சனிக்கிழமை காரைக்காலில் இருப்பதற்கு வெளியூர்க்காரர்களுக்குத்தான் காரணம் வேண்டும். அவர்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியோடு சனியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வருகிறது ஒரு கூட்டம். பெட்ரோல் விலை சில ரூபாய் குறைவு என்று டாங்க்கை நிரப்ப வருகிறது இன்னொன்று. மூன்றாவது கூட்டம் நிரப்ப வருவது வேறு. மூன்று காரியத்தையும் ஒரே காரில் வந்து ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. எதை முதலில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

இந்த மூன்றாவது கூட்டத்தால் கால் கிலோ சாருக்கு ஒரு தீராத சங்கடம். மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் "காரைக்காலிலிருந்து வருகிறேன்" என்று சொன்னால் போதும். பக்கத்து இலைக்காரர் முகத்தில் ஒரு புன்னகை பரவும். "அடிக்கடி வருவேன் சார் உங்க ஊருக்கு" என்பார். கோயிலுக்கா என்று இவர் கேட்பதில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டி வருமே என்ற நல்லெண்ணம்.

அவருடைய சனிக்கிழமைக்கு வருவோம். காலையில் நல்லெண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாது, வெயிலில் அலையவும் கூடாது என்பது பரம்பரைச் சட்டம். தூங்காமல், அலையாமல், வெயிலும் படாமல் ஒரு மனிதன் எங்கேதான் போவான்? கடைக்கு. அதிலும், உட்கார ஒரு ஸ்டூலும் மேலே ஒரு மின்விசிறியும் உள்ள கடைக்கு. வெயில் தாழ்ந்ததும் கைலியிலிருந்து வேட்டிக்கு மாறுவார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தாம்பூலப்பையை எடுப்பார். அதில் அச்சாகியிருக்கும் மணமக்களின் மூத்த பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். பையின் காது இரண்டு முறை தைக்கப்பட்டது. 'பி.ஒய். 02' என்று எண் போட்ட ஸ்கூட்டர் வாசலிலேயே நிற்கும். வண்டியில் போனால் எதிரே வருகிறவர்களிடம் நின்று பேச முடியாது.

தோமாஸ் அருள் வீதி, மாதா கோவில் வீதி, பாரதியார் சாலை, நேரு மார்க்கெட். காலில்லாதவனும் அரை மணியில் சுற்றிவிடக்கூடிய இந்தப் பாதைக்கு இவர் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். முதல் நிறுத்தம் காபித்தூள் கடை.

"வாங்க சார். கால் கிலோதானே?"

"இருப்பா, வந்ததும் வராததுமா விரட்டாதே. சிக்கரி எவ்வளவு போடுறே?"

"போன வாரம் போட்டதுதான் சார்."

"போன வாரம் எவ்வளவு போட்டே?"

"நீங்க சொன்னதுதான்."

"நான் எவ்வளவு சொன்னேன்?"

பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களும் கால் கிலோக்காரர்கள்தான்; தங்கள் முறை வரும்போது கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில், எத்தனை வருஷமாகச் சொல்கிறாரோ அதே அளவைச் சொல்லுவார். அரைபடும் வாசனையை நின்று முழுசாக இழுத்துக்கொள்வார். அந்த வாசனைக்குத் தனியாகக் காசு வாங்காத கடைக்காரர் மேல் அவருக்கு நல்ல மரியாதை.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்திருக்கிறேன். லாபம் இருக்கிறது. மளிகைக் கடையில் பேசியதை இவர் துணிக்கடைக்குக் கொண்டுபோவார். துணிக்கடை பாய் சொன்னதைப் பழக்கடைக்கு. ஆட்சியரகத்தில் யாருக்கு மாற்றல், நெடுங்காட்டில் என்ன விலைக்கு மனை போகிறது, எந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்தச் சாலைக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இவரோடு கடை கடையாக நடக்கும். கொண்டுவந்து சேர்ப்பதற்குக் கூலி, அந்த ஸ்டூல்.

சாயங்காலத்தில் வாடா கடை. நாகூர்ப் பக்கத்துப் பண்டம், காரைக்காலிலும் கொடிகட்டிப் பறக்கிறது. அரிசி மாவு, நிறைய வெங்காயம், நடுவில் ஓர் ஓட்டை, மேலே பதித்த இறால். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு நின்றபடியே ஒன்றைத் தின்றுவிடுவார். வீட்டுக்கு என்று இரண்டு கட்டச் சொல்வார். கட்டியதில் ஒன்றுதான் வீடு போய்ச் சேரும். குளத்தங்கரையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததுதான் காரணம் என்று குளத்தின் மேல் பழியைப் போடுவார்.

இது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதே என் கட்சி. காரைக்காலின் புகழ்பெற்ற குடும்பக் கதையே வீட்டுக்கு வந்த இரண்டு பண்டத்தில் ஒன்று குறைந்த கதைதானே? வணிகன் பரமதத்தனுக்கு யாரோ இரண்டு மாங்கனி கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பி வைத்தான். பசித்து வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைப் படைத்துவிட்டார். மற்றதை மதியம் சாப்பிட்ட பரமதத்தன் ருசி கண்டு இன்னொன்றையும் கேட்டான். புனிதவதி ஆண்டவனிடம் முறையிட, கையில் ஒரு கனி வந்தது. அவர் காரைக்கால் அம்மையார் ஆனார். பரமதத்தன் பயந்து கப்பலேறிவிட்டான். அன்றைக்கு மனைவியிடம் கணக்குக் கேட்டான் கணவன். இன்றைக்குக் கால் கிலோ சார் வீட்டில் கணக்குக் கேட்பது வேறு ஆள்.

"ரெண்டு வாங்குனேன்னு போன்ல சொன்னீங்க?"

"வர்ற வழியில ஒரு சிவனடியார்…"

"என்ன, வேட்டி கட்டிக்கிட்டு, தாம்பூலப்பை வச்சிருந்தாரா?"

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வரும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது ஜனங்கள் மொட்டை மாடிகளிலிருந்து வேண்டுதலுக்காக மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். கீழே இருப்பவர்கள் பிரசாதமாக ஏந்திக்கொள்வார்கள். ஊரே கூடை கூடையாக வீசும் அந்த ஒரு நாளில் இவரும் வீசுவார். இரண்டு. பிறகு கீழே இறங்கித் துண்டை விரித்துக்கொண்டு நிற்பார். ஏந்தியது எத்தனை என்று கேட்பது பக்திக்கு அழகல்ல.

ஞாயிற்றுக்கிழமை மீன். கால் கிலோக் கொள்கை தோற்றுப்போகும் ஒரே இடம் மீன் விற்கும் அம்மாவின் கூடைதான்.

"கால் கிலோ இறால் போடு ஆத்தா."

"கால் கிலோவா? வூட்டுல பூனை எதுவும் வளக்கிறியா சாமி?"

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் அரசலாற்றுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்க, சிறு படகுகள் கொண்டுவருவதுதான் கிடைக்கும். அது விலை சொல்லும். அந்த நாட்களிலும் அவர் தவறாமல் போகிறார். எல்லாக் கூடையிலும் விலை கேட்கிறார். வாங்காமல் திரும்பும்போது முகத்தில் ஒரு திருப்தி இருக்கும் பாருங்கள், வாங்கியவன் முகத்தில் அதைக் காண முடியாது.

மீனுக்குப் பிறகு வாரச்சந்தை. அங்கே கூட்டாளி, எதிர்வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து ஓய்வு பெற்றவர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தும், குடியுரிமையைக் கைவிடாத குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடியும் வைக்கிறார்கள். பிரெஞ்சுத் தேர்தல் நடப்பது ஞாயிற்றுக்கிழமைகளில். 2022 ஏப்ரலில் தாத்தா காலையில் போய்ப் பாரீஸில் யார் உட்கார வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அதே சட்டையோடு முருங்கைக்காய் வாங்கச் சந்தைக்கு வந்தார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்றார் கால் கிலோ சார்.

தாத்தா பளிச்சென்று சொல்லிவிட்டார்.

"முருங்கைக்காய் என்ன விலைக்கு முடிச்சீங்க?"

தாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். "அதெல்லாம் வெளியில சொல்றதில்ல தம்பி."

ஞாயிறு மதியம் மீன் குழம்பு முடிந்தபின் அவரை எழுப்ப எவராலும் ஆகாது. மறுபடி கைலி. கூடத்தில் ஈசி சேர். அதன் துணி அவர் உடம்புக்கு ஏற்பக் குழிந்து, வேறு யார் உட்கார்ந்தாலும் கவிழ்த்துவிடும். அலமாரி மேல் காரைக்கால் பண்பலை 100.3 மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். நேயர் விருப்பத்தில் தெரிந்த பெயர் வந்தால் கண்ணைத் திறக்காமலே "நம்ம கோட்டுச்சேரிக்காரன்" என்பார். இரண்டு மணிக்குமேல் கடல்காற்று உள்ளே நுழைந்து காலண்டர் தாளைப் படபடக்கவைக்கும். அந்தக் காற்றுக்காகவே வீட்டைக் கிழக்குப் பார்க்கக் கட்டியதாகச் சொல்லிக்கொள்வார். கட்டியது அவருடைய மாமனார்.

மழைக்காலம் வந்தால் இன்னும் விசேஷம். காரைக்கால் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் சொல்ல வேண்டியதுதான், கால் கிலோ கடலை மாவுக்குப் புறப்பட்டுவிடுவார். புயல் வேறெங்காவது திரும்பிவிடும், பஜ்ஜி திரும்பாது.

சென்னையில் இருக்கும் மகனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அப்பா வெயிலில் அலைகிறார் என்று ஆன்லைனில் ஒரு மாதத்து மளிகையைப் பதிவு செய்து பெட்டியாக அனுப்பிவிட்டான். எல்லாம் முழுக் கிலோ. கொண்டுவந்த பையனை உட்காரவைத்து மோர் கொடுத்தார் சார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, பெட்ரோலுக்குத் தனியாகத் தருகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். பையன் போனதும் பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். துவரம்பருப்புப் பாக்கெட்டை மட்டும் தாம்பூலப்பையில் போட்டுக்கொண்டு நேரே மளிகைக் கடைக்குப் போனார்.

"இதைக் கொஞ்சம் தராசுல வையேன்."

கடைக்காரர் வைத்தார். "சரியா இருக்கு சார்."

"எடை சரி. பருப்பு எப்படி?"

"பருப்பு… வெந்தாத்தானே சார் தெரியும்."

"அதான் நானும் நினைச்சேன். நம்ம பருப்பு ஒரு கால் கிலோ போடு, வச்சுப் பார்த்துடலாம்."

இரண்டையும் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தார். இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும், எது முந்திக் குழைகிறது என்று தான் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வேட்டி மாற்றப் போனார். கைலியைச் செருகிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மனைவி இரண்டு பாக்கெட்டையும் வெட்டி ஒரே டப்பாவில் கொட்டி, மூடியையும் திருகிவிட்டிருந்தாள்.

"என்னம்மா இது! இனி எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"பொறுக்கி எடுங்க" என்று முறத்தை நீட்டினாள். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொழுது போகும்."