மின்னொளி கபடியும் குடவோலை முறையும்: இருட்டில் படமெடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை வரலாற்று ஆசிரியர்கள் இதுவரை, குடத்தில் பெயரோலை போட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலின் விதிகள் என்றே படித்து வந்திருக்கிறார்கள். 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவ்விரண்டும் உண்மையில், வெளிச்சம் போதாத மைதானத்தில் கபடியைப் படமெடுக்கப் புதுக் கேமராவோடு கிளம்பும் இளைஞனுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சோழர் காலத்தில் கேமரா ஏது என்று ஆட்சேபிப்போர் உண்டு. அப்போது தேர்தல் ஆணையமும்தான் இல்லை; அதற்காக யாராவது கல்வெட்டை விட்டுவைத்தார்களா?

முதலில் பொழுது. உத்திரமேரூர்ப் பக்கத்து மானாம்பதியானாலும் சாலவாக்கமானாலும் சுவரொட்டியில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி, மாலை 4 மணி' என்றுதான் இருக்கும். நாளை ஆறு சிறுபொழுதாக, பொழுதுக்குப் பத்து நாழிகை வீதம் பிரித்த இலக்கண நூலார் கணக்கில் 4 மணி என்பது எற்பாடு. பொன்வெயில்; செல்போனில் எடுத்தாலும் படம் விழும். ஆனால் அதை நம்பி வருகிறவனுக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கரைக்கும் காட்சி மட்டுமே கிடைக்கும். முதல் ஆட்டம் மாலையில், அதாவது விளக்கு போட்டபின் தொடங்கும். கால் இறுதி யாமத்தில். இறுதி ஆட்டம் வைகறையில். இந்த மூன்று பொழுதுக்கும் சூரியனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

முன்னோர் முயற்சி என்று மைபிரிட்ஜைக் காட்டுவார் உளர். 1878 இல் கலிஃபோர்னியாவில் ஓடும் குதிரையைப் பன்னிரண்டு கேமரா வைத்துப் பிடித்தவர் அவர். பட்டப்பகல், வெள்ளைப் பின்னணி, நேர்கோட்டில் ஓடும் குதிரை. கபடியில் பாடிப் போகிறவர் எந்தக் காலத்தில் நேர்கோட்டில் ஓடினார்? ஆகவே அவரை இங்கே முன்னோராகக் கொள்வதற்கில்லை.

இனி அளவை. நாலு கம்பத்தில் விளக்கு கட்டிய ஊர் மைதானத்தில், கேமராவோடு வந்த 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் கண் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும் ஷட்டர் 1/60 விநாடிக்கு மேல் ஏறாது. பாடிப் போகிறவரின் கை விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நீண்டால், அந்த 1/60 விநாடிக்குள் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கைக்குப் பதில் கஞ்சி கொட்டிய மாதிரி ஒரு கோடு விழும். 1/500க்குப் போனால் நகர்வு ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கும். அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை எங்கே போய்க் கேட்பது?

'ஃப்ளாஷ் போடலாமே' என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? கேமரா தலையிலிருந்து எழும்பும் குட்டி ஃப்ளாஷின் வெளிச்சம் தூரம் கூடக்கூட மங்கிவிடும். மழை பெய்த மறுநாளாக இருந்தால், ஏரிப் பக்கமிருந்து வரும் ஈசல்தான் படம் முழுக்க வெள்ளைப் பொட்டாக விழும். போதாததற்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவன் கண்ணில் பளிச்சென்று அடித்தால், 'யோவ் போட்டோக்காரண்ணா, இன்னாபா இது?' என்று இரண்டு அணியும் ஒரே அணியாகிவிடும்.

இருட்டில் கேமரா அசையாத பொருளைத்தான் மதிக்கும். புதியவன் எடுத்து வரும் படங்களை ஆராய்ந்தால் இது விளங்கும். துல்லியமாக விழுந்திருப்பவை கோப்பை, ஸ்கோர் போர்டு, சால்வையோடு அமர்ந்த சிறப்பு விருந்தினர். ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆவி ரூபத்தில் இருப்பார்கள்.

இதைக் கண்டு மனமுடைந்தவன்தான் குடவோலையில் இறங்குகிறான். கேமராவில் தொடர்ச்சியாகச் சுடும் வசதி ஒன்று உண்டு. விரலை எடுக்காமல் அழுத்தி நூறு, ஐந்நூறு என்று குடத்தை நிரப்பிவிட்டு, வீட்டுக்குப் போய், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலை எடுத்ததுபோல் ஒன்றை எடுக்கிறான். அதிலும் ஆவியே வருகிறது. காரணம், கல்வெட்டை அவன் பாதிதான் படித்திருக்கிறான். கண்டவன் பெயரையெல்லாம் குடத்தில் போட அது சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதுக்குக் குறையாமலும் எழுபதைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முந்தைய மூன்றாண்டில் வாரியம் எனும் ஊர்க் குழுவில் இருந்திருக்கக்கூடாது. இத்தனையும் தேறியவன் பெயரே ஓலையில் ஏறும். தகுதி முன்னே, குலுக்கல் பின்னே.

படத்துக்குக் கால் வேலி நிலம் எது? எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்.  5.6இலிருந்து 1.8க்கு வந்தால் ஒன்பதரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நாம் கேட்டதோ எட்டு மடங்கு. மிச்சத்தை விளக்கின் தள்ளாட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு நூறு தரம் ஏறி இறங்கும். அதனால் 1/500இல் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். கேமரா பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

சொந்த மனை என்பது உட்காரும் இடம். புதியவன் மேடைக்குப் பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டி நிற்பான். நாற்காலி, டீ, விருந்தினர் எல்லாம் அங்கே. ஆட்டம் அங்கே பக்கவாட்டில்தான் தெரியும். பாடிப் போனவன் திரும்பிப் பாய்வது தன் அணிப் பக்கம். ஆகவே அந்த அணியின் கடைக்கோட்டு மூலையில், மண்ணில் குந்த வேண்டும். பதின்மூன்று மீட்டர் நீளக் களத்தில் அங்கிருந்து நடுக்கோடு ஏழெட்டு மீட்டர். அந்தத் தூரத்தில் இந்த லென்ஸ் மூன்றரை மீட்டர் அகலத்தைக் காட்டும். ஒன்றேமுக்கால் மீட்டர் ஆழத்துக்குள் இருப்பது மட்டும் துலக்கமாக விழும். கோட்டுக்கு நீளும் கை, கடித்த பல், காலைக் கட்டிக்கொண்ட இருவர், இத்தனைக்கும் அது போதும். பாட்டுக்கு முப்பது விநாடிதான். இருபத்தைந்தைத் தாண்டினால் அவன் எப்படியும் திரும்பியாக வேண்டும். விரல் அப்போது இறங்கினால் போதும், ஐந்நூறு தேவையில்லை.

கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினருக்கும் கல்வெட்டு வாரியத்தில் இடம் மறுக்கிறது. 'அண்ணா, என் போட்டோவ அனுப்புண்ணா' என்று கேட்ட பையன்களுக்குப் படம் அனுப்பாதவன் நிலையும் அதுதான். மறு வருஷம் அவனுக்கும் அவன் தம்பிக்கும் களத்தைச் சுற்றிய கயிற்றுக்குள் இடம் கிடையாது.

எஞ்சியது விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். மேடைக்கு மேலே கட்டும் இரண்டு பெரிய விளக்குகளில் ஒன்றையாவது நடுக்கோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுங்கள். சிறப்பு விருந்தினர் எட்டரைக்கெல்லாம் காரேறிவிடுவார்.