புக்கிங் கிளார்க் வேஷம்

ரிட்டயரானதும் நடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது கையில் வலுவான சாட்சிகள் இருந்தார்கள். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. தேங்காய் சீனிவாசன் ஐ.சி.எஃப். டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். “அவங்கல்லாம் வயசிலேயே வந்துட்டாங்க” என்றாள் மனைவி. துருப்பை இறக்கினேன்: சாருஹாசன். வக்கீல். 1979-இல் ‘உதிரிப்பூக்கள்’ வந்தபோது வயது 48. கன்னடத்தில் ‘தபரன கதெ’க்காகச் சிறந்த நடிகர் தேசிய விருதே வாங்கினார்.

“அவருக்குக் கமல்ஹாசன் தம்பி. உங்க தம்பி அரக்கோணத்துல பஞ்சர் கடை வெச்சிருக்காரு.”

அந்தக் கன்னடப் படத்தில் சாருஹாசன் பென்ஷனுக்காக அலைந்தே நொந்துபோகும் கடைநிலை ஊழியர். எனக்குப் பென்ஷன் மாதாமாதம் டாணென்று விழுகிறது. அந்த முகத்துக்கு நான் எங்கே போக?

ஆனாலும் மணவூரில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, வடபழனிக்கு அலைந்தேன். தாடி வைத்தால் சாமியார் வேஷம், எடுத்தால் ஜட்ஜ் வேஷம் என்றார் ஒரு ஏஜென்ட். இரண்டுக்கும் போட்டோ எடுக்கக் காசு வாங்கிக்கொண்டவர் பிறகு போனை எடுக்கவில்லை. சாமியாரும் ஜட்ஜும் எங்கள் பீரோவுக்குள் இருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு வேஷம் வந்தது. பழைய காலத்து ஸ்டேஷன் செட். நான் புக்கிங் கிளார்க். வசனம், “சில்லறை இல்லையா?” சர்வீஸ் முழுக்க நான் பேசியதே அதுதான்! நிமிர்ந்து பார்க்காமல், அட்டை டிக்கெட்டைத் தேதி மெஷினில் குத்தியபடி, எத்தனை பேரை அந்த இரண்டு வார்த்தையால் விரட்டியிருப்பேன்.

‘ஆக்‌ஷன்’ என்றதும் நிமிர்ந்தேன். கதாநாயகியைப் பார்த்துச் சிரித்தேன். “தங்களிடம் சில்லறை இல்லையா?” என்று சரித்திரப் படம்போல் முழங்கினேன். உதவி இயக்குநர் ஓடிவந்தார். “ஐயா, கொஞ்சம் எரிஞ்சு விழுங்க. டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்தவங்களைப் பாத்ததே இல்லையா?”

பல டேக்குக்குப் பிறகு வசனம், செட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்த தம்பிக்குப் போனது. அவன் நிமிரவே இல்லை, ஒரே டேக். டிக்கெட் குத்தும் க்ளோசப்புக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். என் கை நன்றாக நடிக்கிறதாம்.

சினிமா கிடக்கட்டும், ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து இருக்கிறதே என்று வாத்தியாரைப் பார்த்தேன். “கட்டை கட்டிக்கினு விடியவிடிய ஆடணும். முட்டி தாங்குமாண்ணே?” என்றார். திரை பிடிக்க வைத்தார். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி முடிக்கும்வரை துணியை உயர்த்திப் பிடிப்பதுதான் வேலை. பிடித்தேன். முகவீணை இழுக்க இழுக்க, தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. துணி இறங்கியது. கிரீடமும் புஜக்கட்டையுமாக துரியோதன மகாராஜா சோடா குடித்துக்கொண்டிருந்தார். “மாமா, ஏத்து ஏத்து!” என்று பதறினார்.

கட்டியங்காரன் விடுவானா? சனத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் கையை நீட்டினான். “டிக்கெட் மாஸ்டரே, மகாராஜாவுக்குத் திருத்தணி ஒண்ணு குடு!”

மானம் போன எரிச்சல். துணியைப் பார்த்தபடியே வெடுக்கென்று சொன்னேன்: “சில்லறை இல்லையா?”

கூட்டம் விசிலடித்தது. திரை பிடிக்கிறவன் வாயைத் திறக்கலாமா என்று வாத்தியாருக்குத்தான் கடுங்கோபம். அடுத்த வருஷத்துக்குத் திரை பிடிக்க வேறு ஆள் சொல்லிவிட்டார்.