எண்ட் டாஸ்க் அண்ணாச்சி

கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் இடது கையால் ஒரே அமுக்காக அமுக்குகிற ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரேதான் இவர். தென்காசியில் இவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும்.

வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பையில் ஒரு டெஸ்டர். சாவிக்கொத்தில் பைக் சாவி ஒன்று, பீரோ சாவி ஒன்று, பென் டிரைவ் மூன்று. பிரிண்டர் பேப்பரைக் கடித்தாலோ மானிட்டர் இருண்டாலோ அண்ணாச்சி ஏறிட்டும் பார்க்க மாட்டார். அதெல்லாம் கடைக்காரன் வேலை. அவருடைய சிறப்புப் பிரிவு ஒன்றே ஒன்று: சும்மா இருக்கிற கம்ப்யூட்டரில் சி.பி.யூ. சதவீதம் எகிறுவது.

"ஒரு வேலையும் குடுக்கல, எம்பது போவுது. அப்ப உள்ள எவனோ உக்காந்து திங்கான்லா?" என்பார். அந்த எவனையோ பிடித்துத் தீர்த்துக்கட்டுவதற்குத்தான் ஓய்வுக்காலத்தை ஒப்புக்கொடுத்திருக்கிறார்.

தகுதி என்ன என்று கேட்டுவிடாதீர்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. அண்ணாச்சியுடைய சம்பந்தியின் தங்கை மகன் அங்கே வேலை பார்க்கிறான். "நம்ம பய சாஃப்ட்வேர்ல இருக்காம்லா" என்பார். அவனிடம் இதுவரை ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. சொந்தக்காரன் என்ற முறையிலேயே ஞானம் வந்து சேர்ந்துவிட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அண்ணாச்சி அதற்கு வெகுகாலம் முன்பே தனி அதிகாரம்.

சாரல் காலம்தான் அவருக்கு சீசன். ஆனி பிறந்தால் தென்காசியில் சொந்தக்காரன் இல்லாத வீடு கிடையாது. எல்லோரும் தலையில் எண்ணெயைத் தேய்த்து, தோளில் துண்டைப் போட்டு, குற்றாலத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் செய்தி வரும்: மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்க விடவில்லை, ஐந்தருவியிலும் அதே கதை. எண்ணெய்த் தலையோடு வீடு திரும்பிய கூட்டத்தில் சென்னை மருமகன் ஒருவன் இருப்பான். குளிக்கத்தான் முடியவில்லை, ஆபீஸ் வேலையாவது பார்ப்போம் என்று சார்ஜரைச் செருகி லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, சுக்குக் காப்பி குடிக்க அடுப்படிப் பக்கம் போவான். திரும்பி வரும்போது லேப்டாப் இரைந்துகொண்டிருக்கும்.

"மாமா, சும்மாதான் வச்சிருந்தேன். எப்படி இரையுது பாருங்க."

"தள்ளு மருமவனே. நீ தொடாத, நான் பாக்கேன்."

அண்ணாச்சி முதலில் லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைப்பார். ஒரு "ம்" போடுவார். பிறகு மவுஸைத் தொடுவார். மூன்று விசை அமுக்கு. டாஸ்க் மேனேஜர் திறக்கும். எழுபத்தெட்டு, நாற்பது, பதினொன்று, ஆறு என்று கண்ணெதிரே எண் இறங்கும். ஃபேன் அடங்கும். அத்தை, சித்தி, கொழுந்தியாள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நம்ம கை பட்டா அடங்கிரும்" என்று எழுந்துகொள்வார். கைராசிக்காரர் என்ற பேர் செங்கோட்டை வரைக்கும் பரவிவிடும்.

இந்தக் கைராசியின் சூட்சுமம் விண்டோஸுக்கு மட்டும்தான் தெரியும். நாம் வேலை செய்யும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று பல வேலைகளை அது ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஃபைல்களுக்கு அட்டவணை போடுவது, டிஃபெண்டரை விட்டு வைரஸ் தேடுவது, அப்டேட்டை இறக்கிப் பொருத்துவது, பழைய குப்பையைக் கூட்டுவது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்ச நேரம் யாரும் மவுஸை அசைக்கவில்லை என்றால், இதுதான் சமயம் என்று இந்த வேலைகளை ஆரம்பிக்கும். மவுஸ் அசைந்ததும் எஜமான் வந்துவிட்டார் என்று பாதியில் நிறுத்தி ஒதுங்கிக்கொள்ளும். அண்ணாச்சியின் கை இருந்த இடத்தில் மருமகனுடைய இரண்டு வயது மகள் கை இருந்திருந்தாலும் எழுபத்தெட்டு ஆறாகத்தான் ஆகியிருக்கும்.

இந்தப் பராமரிப்புக்கு விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் வழக்கமான நேரம் இரவு 2 மணி. இரவு 2 மணிக்குத் தென்காசியில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஓடுகிறது? பத்து மணிக்கே சுவிட்சை அணைத்து, இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருப்போம். ராத்திரி விட்டுப்போன வேலை, மறுநாள் நாம் காப்பி குடிக்கப் போகிற நேரம் பார்த்துத் தொடங்கும். சத்தம் கேட்டு ஓடி வந்து தொடுவோம், நின்றுவிடும். மறுபடி எழுந்து போனால் மறுபடி தொடங்கும். ஒருநாள் முழுசாக முடிக்க விட்டிருந்தால் பிறகு அது ஏன் இரையப் போகிறது?

ஆனால் அண்ணாச்சிக்குக் குற்றவாளி வேண்டும். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், சி.பி.யூ. என்ற தலைப்பின்மேல் ஒரு தட்டு தட்டி, பெரிய எண்ணை மேலே கொண்டுவருவார். உச்சியில் நிற்கும்: சிஸ்டம் ஐடில் ப்ராசஸ், 96.

"பாத்தியாலே! சும்மா இருக்கவன்தான் தொண்ணூத்தாறு திங்கான்."

ஆடி போய் சீசன் முடிந்த பிறகு குற்றாலத்து லாட்ஜில் "96 அறை காலி" என்று பலகை வைத்திருந்தால், உள்ளே தொண்ணூற்றாறு குடும்பம் தங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிற ஆள் அண்ணாச்சி. அந்த வரி காட்டுவது பிராசஸரில் எவ்வளவு காலியாகக் கிடக்கிறது என்பதைத்தான். 96 என்றால் கம்ப்யூட்டர் சுகமாகத் தூங்குகிறது. அதைப் போய் எண்ட் டாஸ்க் கொடுப்பார். விண்டோஸ் சம்மதிக்காது. "விட மாட்டேங்கான் பாரு, பெரிய கையி போலிருக்கு" என்று சந்தேகம் இன்னும் பலப்படும்.

பெரியகோவில் பக்கத்து டி.டி.பி. கடையில் நடந்ததைச் சொன்னால்தான் அண்ணாச்சியின் வீரம் முழுசாக விளங்கும். கோபுர வாசலில் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிற ஆடி மாசம். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் அடித்துத் தள்ள வேண்டிய நேரம். பேஜ்மேக்கரில் ஒரு கல்யாணப் பத்திரிகை திறந்திருந்தது. காலையிலிருந்து பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கடையில் உட்கார்ந்து, மூத்த தாய்மாமன் பேர் மேலேயா பெரியப்பா பேர் மேலேயா என்று சண்டை போட்டு, ஒரு வழியாகச் சமாதானமாகி, டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைத்தம்பி மெஷினைத் தொடாமல் அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். ஃபேன் இரைந்தது. அண்ணாச்சி படியேறினார்.

"ஏல, இங்க பாரு. எஸ்.வி.சி.ஹோஸ்ட்டுன்னு ஒரே பேர்ல அறுவது பேரு நிக்கான். இது வைரஸ் இல்லாம வேற என்ன?"

"அண்ணாச்சி, அது எப்பவும் இருக்கும்னு நெனைக்கேன்."

"எப்பவும் இருக்கதுனாலதாம்ல மெஷின் ஸ்லோவா ஓடுது."

எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்பது விண்டோஸின் சேவைகள் குடியிருக்கும் கூடு. சத்தத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று பல நிற்கும். நடுவில் இருந்த ஒன்றின்மேல் அண்ணாச்சி எண்ட் டாஸ்க் கொடுத்தார். விண்டோஸ் மரியாதையாகவே எச்சரித்தது: இதை நிறுத்தினால் நான் படுத்துவிடுவேன், சேமிக்காததெல்லாம் போய்விடும், சம்மதம் என்றால் இந்தக் கட்டத்தில் டிக் போடு. அண்ணாச்சி டிக் போட்டார்.

திரை நீலமானது. தாய்மாமனும் பெரியப்பாவும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"பாத்தியா, உள்ள எவ்வளவு வைரஸ் இருந்திருக்கு!" என்றார் அண்ணாச்சி, சற்றும் கலங்காமல். அடுத்து அவர் என்ன சொல்வார் என்று தென்காசிக்கே தெரியும். "ஃபார்மட் அடிச்சிருவோம்."

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்: காலையில் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த கல்யாண போட்டோக்களைத் தம்பி மொத்தமாகக் காப்பி செய்திருந்தான். டிஃபெண்டர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் விட்டிருந்தால் தானே அடங்கியிருக்கும்.

நிஜத் திருடன் வருவதே இல்லையா என்றால், வருவான். அடுத்தவன் பிராசஸரில் ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் உண்டு. இணையப் பக்கம் திறந்திருக்கும்போதே மொனேரோ தோண்டிய காயின்ஹைவ், 2017 செப்டம்பரில் வந்து 2019 மார்ச்சில் கடையை மூடியது. அதன் ஒன்றுவிட்ட தம்பிகள் இன்னும் உலவுகிறார்கள். அவர்களில் சிலர் டாஸ்க் மேனேஜர் திறந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள், மூடியதும் மறுபடி தோண்டுவார்கள். அங்கேயும் அண்ணாச்சிக்குக் கைராசிப் பேர்தான். இவர்கள் வீட்டுக்குள் நுழைகிற பெரிய வாசல், காசு கொடுக்காமல் போடும் சாஃப்ட்வேரும் அதைத் திறக்கிற ஆக்டிவேட்டரும். அது எங்கே கிடைக்கும்? அண்ணாச்சியின் சாவிக்கொத்தில், இரண்டாவது பென் டிரைவில். "போடும்போது ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிக்கோ, இல்லன்னா சும்மா கத்தும்" என்று பத்தியமும் சொல்லித்தான் கொடுப்பார்.

டாஸ்க் மேனேஜரை முதலில் எழுதியவர் மைக்ரோசாஃப்டில் இருந்த டேவ் பிளம்மர். 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0-வோடு வெளிவந்தது. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த ஜன்னல். அண்ணாச்சி நாளெல்லாம் அதைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதற்கு 2025-ல் ஒரு பலன் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு முன்னோட்ட அப்டேட்டில், மூடின டாஸ்க் மேனேஜர் சாகாமல் பின்னணியில் ஓடியது. மறுபடி திறந்தால் இன்னொன்று சேர்ந்துகொண்டது. திறக்கத் திறக்க சி.பி.யூ. பளு ஏறியது. அடுத்து வந்த அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாளில், சும்மா இருந்த மெஷினில் உட்கார்ந்து தின்றவன் யார் என்பதை அண்ணாச்சியிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

உங்கள் மெஷின் இரைந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சார்ஜரைச் செருகி, அரைமணி நேரம் தொடாமல் விடுங்கள். அடங்காவிட்டால் ஷட் டவுனை நம்பாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து வேகமாக எழுவதற்காக ஷட் டவுன் பாதித் தூக்கமாகிவிட்டது, ரீஸ்டார்ட்தான் முழுசாக எழுப்பும். பிறகும் இரைந்தால் உச்சியில் நிற்கிற பேரை நிதானமாகப் படியுங்கள். குரோம் என்றால் திறந்து கிடக்கும் டேபுகளை மூடுங்கள். சிஸ்டம் இன்ட்டரப்ட்ஸ் என்றால் யு.எஸ்.பி.யில் செருகியதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பேரே தெரியாத ஆசாமி என்றால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கேபினட்டைத் திறந்து தூசியை ஊதித் தள்ளுங்கள். சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது சின்ன வேலைக்கும் சதவீதம் பெரிதாகத் தெரியும்.

இதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், உபசாரத்தில் குறை வைக்காதீர்கள். காப்பி கொடுங்கள், முறுக்கு கொடுங்கள். மவுஸை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.