சுதந்திரத்துக்கு எந்தக் கட்சி?

அமெரிக்காவில் சுதந்திரப் பிரியருக்குக் கட்சிப் பஞ்சமே கிடையாது. குடியரசுக் கட்சிக்குப் போனால் வரியைக் குறைப்பார்கள். படுக்கையறையை மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். ஜனநாயகக் கட்சியில் படுக்கையறையைத் தாழிட்டுக்கொள்ளலாம். பணப்பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் 2015-இல் முளைத்த குடியரசுக் கட்சியின் 'சுதந்திரக் குழு'வில் சேரலாமென்றால், அழைப்பு வந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்காக 1971-இலேயே லிபர்டேரியன் கட்சி பிறந்தது. அதன் அன்பர்களுக்குப் பிடித்த சின்னம் முள்ளம்பன்றி: யாரும் தொடக்கூடாது. வாக்காளர்களும் அந்த விருப்பத்தை மதித்தே நடக்கிறார்கள். 2016-இல் கேரி ஜான்சன் வாங்கிய சுமார் 3.3 சதவீதம்தான் அதிபர் தேர்தலில் கட்சியின் உச்சம். அந்தச் சாதனையாளரையும், வண்டி ஓட்ட லைசென்ஸ் இருக்கட்டுமே என்றதற்காகச் சொந்தக் கட்சியினரே விவாத மேடையில் கூச்சலிட்டு வறுத்தெடுத்தார்கள். 1988-இல் வேட்பாளராக நின்ற ரான் பாலோ குடியரசுக் கட்சிக்கே திரும்பிப் போனார்.

2022-இல் ரீனோ நகர மாநாட்டில், லிபர்டேரியன் கட்சிக்குள்ளேயே இருந்த மீசஸ் அணி அதன் தலைமையைக் கைப்பற்றியது. மனிதனை மனிதன் ஆளக்கூடாது என்பவர்களுக்கும், கட்சியை யார் ஆள்வது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை!