கவலைக்கு ஏத்த வலை

வா பேராண்டி, குந்து. தரமணியிலேந்து இம்மாந்தூரம் வந்துகீற, சட்டையில ஒரு செதில் ஒட்டல. போட்டு ஓனருங்களுக்கு ஆப் போட்டுத் தரப் போறியாமே? ஏலக்கூடத்துல ஒரே பேச்சு.

கவலை மீனுக்குன்னே ஒரு வலை கீது, கவலை வலைன்னு பேரு. வஞ்சிரத்துக்கு வேற, கண்ணு பெருசு. அதுல கவலை மாட்டாது, பூந்து பூந்து வெளையாடிட்டுப் போயிடும். நீ சரக்கு விக்கிற கம்பெனிக்காரன் கதையும் அதான். அவன் கவலை இன்னான்னு கேக்காம நீ பாட்டுக்கு க்ளவுடு, ஏஐன்னு வீசிக்கினு கீற. மேகம் கறுத்தா நாங்க கரைக்கு ஓடியாருவோம். நீங்க இன்னாடான்னா இருக்கறதெல்லாம் கொண்டுபோயி மேகத்துலயே வைக்கிறீங்க.

துறைமுகத்துக்காரனுக்குக் கவலை, வேலை நிக்கக் கூடாது. நீ சொன்ன கதைதான்: 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் வந்து மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைக் கவுத்துச்சு. பாம்பே பக்கம் ஜேஎன்பிடி துறைமுகத்துல அவங்க டெர்மினலே முடங்கிச்சு. 25லேந்து 30 கோடி டாலர் நஷ்டம். காப்பாத்துனது யாரு? கானா ஆபீஸ்ல கரண்டு போயி அணைஞ்சு கெடந்ததால வைரஸ் தொடாத ஒரு சர்வரு! கரண்டு கட்டைக் கையெடுத்துக் கும்புட்ட கம்பெனி அது ஒண்ணுதான். அவனாண்ட போயி புது ஆப்பைக் காட்டாத. தனியா ஒரு காப்பி வச்சிக்கிறியான்னு கேளு.

ரிபைனரிக்காரன் பயம் வேற. ஆபீஸ்ல ஒருத்தன் தெரியாம தொறக்குற மெயிலு உள்ள வால்வைத் தொறந்துடக் கூடாது. மீன் ஏத்துமதிக்காரனுக்குக் காகிதம்தான் உசுரு. எந்த போட்டு, எந்தக் கடல்ல புடிச்சதுன்னு 2010லேந்து ஐரோப்பாக்காரன் சர்டிபிகேட் கேக்குறான்.

எங்க கவலையைக் கேட்டியா? கரையை வுட்டு 10, 12 கிலோமீட்டர் தாண்டுனா போனு வெறும் டப்பா. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரிக்காரங்க ஆழ்கடல்ல இருந்தாங்க, சேதி போய்ச் சேரல. எத்தினி பேரு திரும்பல. அப்பாலதான் 2019ல ஐதராபாத் இன்காய்ஸ்காரங்க ஜெமினின்னு ஒரு பொட்டி கொண்டாந்தாங்க. செயற்கைக்கோள்லேந்து புயல் சேதி, மீன் கூடுற எடம் எல்லாம் வாங்கி, ப்ளூடூத்துல போனுக்குத் தரும். ஒரே குறை, அது சொல்லும், நாம திருப்பிப் பேச முடியாது. உங்க பாட்டி மாதிரி.

அப்பறம், போட்டு இஞ்சினை எப்பப் பிரிக்கிறோம்? ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்புடி தடைக்காலத்துல. தீபாவளி வியாபாரத்துக்கு நடுவுல சாப்ட்வேரை மாத்துனான்னியே ஒரு புண்ணியவான், அவனை ஒரு சீசன் எங்க போட்டுல ஏத்தி வுடு.

சரி, உன் ஆப்புக்கு வருவோம். ஓனருக்குன்னு நீ போட்டாலும் அதை அழுத்தப் போறது யாரு? தோ பார், அந்த அக்கா. விடிய மூணு மணிக்கு வந்து குந்துனது. வெலையை வாயிலயே கூவிக்கினு, கணக்கை மனசுலயே போட்டுக்கினு, கையெல்லாம் ஐசுத் தண்ணியும் கவிச்சியுமா கீது. இந்தா, இந்த சங்கராவை ரெண்டு கையாலயும் நல்லா அலசு. தொடைக்காத. இப்ப உன் போனை எடுத்து, பாஸ்வேர்டை ஒருதபா போட்டுக் காட்டு, பாப்போம்.