முள்வாங்கி

அப்பாவின் அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒரு முள்வாங்கி தொங்கும். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு கூரான ஊசி, மயிரைக்கூடக் கவ்வும் ஒரு சின்ன இடுக்கி, இரண்டையும் கோத்த இரும்பு வளையம். மானாமதுரைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது இல்லாத ஆம்பளை கிடையாது. விறகுக்குப் போனாலும், ஆடு மேய்க்கப் போனாலும், கண்மாய்க்கரை வழியாகப் பள்ளிக்கூடம் போனாலும் கருவேல முள் காலைத் தேடி வரும். நான் ஒன்பதாம் வகுப்பு வரை செருப்புப் போட்டதில்லை.

1970 வாக்கில், எனக்கு எட்டு வயதிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து அப்பா என் காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொள்வார். எச்சில் தொட்டு உள்ளங்காலைத் துடைப்பார். அழுக்கு போய்ச் சிவந்த இடத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி தெரியும். கட்டைவிரலால் அதைச் சுற்றி அழுத்திக்கொண்டே, "இங்கயா? இங்கயா?" என்பார். சரியான இடத்தில் அழுத்தியதும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்துவேன். உள்ளேயிருந்து அம்மா, "கத்தாதடா" என்பாள். அப்பா தலையைத் தூக்காமலே சொல்வார்: "கத்தட்டும். கத்துனாத்தானே முள்ளு எங்க கெடக்குன்னு தெரியும்."

உள்ளே ஒடிந்த முள்ளுக்கு எருக்கம்பாலை ஒரு சொட்டு விட்டு வைப்பார். இரண்டு நாளில் அது மேலே வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. வந்த முள்ளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் எறிவார்.

வீட்டில் ஒவ்வொருவர் காலுக்கும் ஒவ்வொரு பாடு. நடவுக்குப் போன அம்மாவுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். வெள்ளையாய் ஊறிப் பிளந்து, இரவில் அரித்துத் தூங்கவிடாது. மருதாணியை அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பாள். அப்பத்தாவின் குதிகாலில் பித்தவெடிப்பு. நடந்தால் சேலை ஓரத்து நூல் வெடிப்பில் சிக்கும். நின்று குனிந்து விடுவித்துக்கொண்டு போவாள். வலிக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வலி இல்லாத காலை நான் அப்போது பார்த்ததே இல்லை. செருப்பு ஒன்று இருந்தால் இந்தப் பாடெல்லாம் தீரும் என்று மனதார நம்பினேன். மதுரையிலிருந்து மாமா வாங்கி வந்த டயர் செருப்பை முதல் இரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

1983இல் மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தைக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் மேஸ்திரி பார்ப்பார். தீபாவளி மாதத்தில் இரவு வீடு போய்ச் சேர்ந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுப்போம். கூட வேலை பார்த்த பெண்களின் கெண்டைக்காலில் நரம்பு நீலமாய்ச் சுருண்டு புடைத்திருந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. நிற்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது 2021இல். 1947இல் போட்ட சட்டம். ஒரு ஸ்டூலுக்கு எழுபத்து நான்கு ஆண்டு ஆகியிருக்கிறது. நான் வேலையை விட்ட பிறகுதான் வந்தது; ஆனாலும் செய்தியைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

முப்பத்தைந்து வயதில் குதிகால் வலி வந்தது. காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்கால் நெடுக ஒரு பட்டையான நார் ஓடுகிறது. நாள் முழுக்க நின்றால் அது இழுபட்டுப் புண்ணாகிறது. இரவில் சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடியில் திடுமென்று இழுபடுகிறது. கெண்டைக்காலைச் சுவரில் ஊன்றி நீட்டுகிற பயிற்சியும், வெறுங்காலோடு கெட்டித் தரையில் நிற்காமலிருப்பதும் பெரும்பாலோருக்கு அதைச் சில மாதங்களில் தணித்துவிடும். எனக்கு அன்று தெரிந்தது அம்மா வைத்தியம் மட்டும். செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே பழுத்த எருக்கிலையை வைத்து, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சூடு தாங்காமல் காலை எடுப்பேன், ஆறியதும் திரும்ப வைப்பேன். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது.

நாற்பத்தெட்டில் சர்க்கரை என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன், நடந்தேன், இனிப்பை விட்டேன். ஐம்பதைத் தாண்டியதும் ஒரு மாற்றம் வந்தது. குதிகால் வலி தானாகவே போய்விட்டது. கால் ஆணி உறுத்துவது நின்றது. புதுச் செருப்பு கடிக்கவில்லை. உள்ளங்காலில் மட்டும் ஒரு மதமதப்பு, பஞ்சின்மேல் நடப்பது போல. இரவில் எறும்பு ஊர்வது போல. வயதானால் கால் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியார் பேருந்து நிலையத்தில் ஒருநாள் பஸ்ஸுக்கு விரைந்தபோது பூக்கார அம்மா கூப்பிட்டார்: "அண்ணே, ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போறீகளே." திரும்பிப் பார்த்தேன். இருபது அடி பின்னால் என் இடது செருப்பு கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. அன்றாவது நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

2017 மார்கழியில் குதிகாலில் லேசாய் ஒரு பாரம். பழைய நினைவில் செங்கல் சுட்டு எருக்கிலை வைத்தேன். இந்த முறை சூடு தாங்காமல் காலை எடுக்கவே இல்லை. சூடே இல்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன். மறுநாள் காலை என் மனைவி டைல்ஸ் தரையில் ஈரமாய் வட்டம் வட்டமாய்ப் பதிந்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் சிந்தியதா என்று கேட்டாள். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. எனக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் அன்று அவளைப் பயமுறுத்தியது.

பாத மருத்துவரிடம் போனோம். "கண்ண மூடிக்கோங்க. நான் தொடுறப்ப எல்லாம் ஆமான்னு சொல்லுங்க" என்றார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை அவர் கையில் இருந்தது. கண்ணை மூடிக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றேன். "முடிஞ்சிருச்சுய்யா" என்றார். பெருவிரல், உள்ளங்கால், புறங்கால் என்று பத்து இடத்தில் தொட்டிருக்கிறார். பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வும் தெரியவில்லை.

"இதுக்கு முன்ன யாராவது உங்க பாதத்தப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். ஏழு ஆண்டுகள் சர்க்கரைக்கு மாத்திரை எழுதித் தந்த இடத்தில் ஒருவரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் காட்டவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, இன்றும் போகவில்லை. சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மருத்துவர் சொல்லாவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நைலான் இழை உங்கள் பாதத்தில் பட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

புண் ஆற ஐந்து மாதம் ஆனது. மருந்தைவிட முக்கியம் அந்த இடத்தில் பாரம் படாமலிருப்பது. வலி இருப்பவன் தானாக நொண்டி நடப்பான், அவன் புண் ஆறும். வலி இல்லாதவன் புண்ணின்மேலேயே மிதித்து நடப்பான். கடையில் என்னோடு இருந்த நண்பர் ஒருவருக்குக் கணுக்கால் வீங்கிச் சூடாய் இருந்தது. வலி அவ்வளவாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு, நடந்துகொண்டே இருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்த காலில் எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் நிலை அது. கண்டுபிடித்தபோது பாதத்தின் வளைவு இறங்கிப் படகின் அடிப்பாகம் போல ஆகிவிட்டது. நானும் ஒருகாலத்தில் துணிக்கட்டோடு படியிறங்கும்போது கால் உள்பக்கமாய் மடங்கிச் சுளுக்கியவன்தான். வலி உயிர் போயிற்று. பத்து நாள் கட்டுப்போட்டு உட்கார்ந்தேன், சரியாயிற்று. சுளுக்கிய காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால் உருவுகிறவரிடம் போகக்கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த நண்பருக்கோ நடக்க முடிந்ததே வினையாகிவிட்டது.

எனக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதித் தந்தார்கள். மைக்ரோசெல்லுலர் ரப்பர், விரலால் அழுத்தினால் இட்லி போல அமுங்கி எழும். கீழே கெட்டி அடி, பின்னால் வார். அதன் வரலாற்றை விசாரித்தபோது மனம் வேலூருக்குப் போயிற்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களாலேயே தேய்கின்றன என்று காட்டினார். அந்தப் பாதங்களுக்காக அவரும் கூட இருந்தவர்களும் மெத்தென்ற ரப்பர் செருப்பைச் செய்து பார்த்தார்கள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் போன பிறகு, அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்குக் கொண்டுபோனார். ஒருமுறை லண்டனில் இரவு காலுறையைக் கழற்றியபோது அவருக்கே குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. நெடுந்தூர ரயில் பயணத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இப்போது இரவு எட்டு மணிக்கு என் மனைவி வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பாள். சூட்டை அவள் முழங்கையால் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் காலை வைப்பேன். என் காலின் சொல்லை நம்பக்கூடாது. கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றுவாள். அம்மாவின் சேற்றுப்புண்ணுக்கு வயல்தான் வேண்டும் என்பதில்லை, நாள் முழுக்க ஈரமான சாக்ஸுக்குள்ளும் அதே பூஞ்சை வளரும். குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் உண்டு, விரலிடுக்குக்குக் கிடையாது. நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுவாள். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் விற்கிற அமிலப் பட்டை ஒட்டுவதும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டன. மீனாட்சியம்மன் கோவிலுக்கு வெயிலுக்கு முன்பே போய் வந்துவிடுவேன். நடுப்பகலில் ஆடி வீதிக் கல் என் காலைச் சுட்டாலும் எனக்குச் சொல்லாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். பேரனுக்கு ஏழு வயது. கண்மாய்க்கரையில் ஓடியவன் திடீரென்று உட்கார்ந்து அலறினான். திண்ணைக்குத் தூக்கி வந்தேன். அப்பாவின் முள்வாங்கி என் பெட்டியில் இருந்தது. ஊசியைத் தீயில் காட்டித் துடைத்தேன். காலைத் தொடைமேல் வைத்து, "இங்கயாப்பா? இங்கயா?" என்று கேட்டேன். சரியான இடத்தில் கத்தினான். அப்பாவின் கை எனக்குள் இருந்தது போல முள் ஒடியாமல் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துப் புரட்டினான். "தாத்தா, இதுல ரெண்டு முள்ளு குத்தியிருக்கு" என்றான். உள்பக்கம் கையைவிட்டுத் தடவினான். "ஒண்ணு உள்ள வந்திருக்கு தாத்தா."

நான் திண்ணையில் உட்கார்ந்து என் இடது காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டுக் குனிந்து, முகம் கிட்டத்தட்ட உள்ளங்காலில் படும்படி, ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்றான்.

"நீயே பாத்துச் சொல்லுப்பா" என்றேன்.